தலைப்பாகை மட்டும்தானா? வேலூர் மாவட்ட வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் போட்டு வரும் சீருடையில் பாதி என் மெஷினில் ஓடியதுதான். போன வாரம் அளவு கொடுக்க வந்த ஒரு பையன் நோட்டைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான். "வேலூர்ப் புரட்சிக்குக் காரணம் புதிய தலைப்பாகை." பரீட்சைக்கு அந்த ஒரு வரி போதுமாம். கோட்டைக்குள்ளே போயிருக்கிறாயா என்று கேட்டேன். "மைதானத்துல கிரிக்கெட் ஆடுவோம்" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அவன் முணுமுணுத்தது, 1806இல் இந்தக் கோட்டையில் சிப்பாய்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக எழுந்த கதை. அவன் படித்தது பொய்யில்லை. 1805 நவம்பரில் கம்பெனியின் சென்னைப் படைக்கு ஓர் ஆணை வந்தது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாக வெட்ட வேண்டும். கூடவே தொப்பி போன்ற ஒரு தலைப்பாகை, அதில் தோலில் செய்த குஞ்சம். தோல் என்றால் என்ன தோல்? மாடா, பன்றியா? இந்து சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒரே நேரத்தில் அருவருத்துப் பின்வாங்க அந்தக் கையளவுத் தோல் போதுமானதாக இருந்தது. தொப்பி போட்டவனை மதம் மாறியவன் என்று ஊர் சொல்லும், சொந்தக்காரர்கள் பந்தியில் சேர்க்க மாட்டார்கள் என்ற பயம் வேறு. காலர் அரை அங்குலம் மாறினாலே "இது என் சட்டை இல்லை" என்று திருப்பித் தருபவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.

ஆனால் பிள்ளைகளிடம் அதற்கு முந்தைய ஏழு வருடங்களையும் சொல்லுங்கள். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801இல் சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரில் மருது சகோதரர்களை. பாளையங்கள் கலைந்தன. பழைய படைகளில் வாளேந்தியவர்களுக்குப் பிழைப்பு இல்லை; கம்பெனிப் படையில் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. சேர்ந்தாலும் சுபேதாருக்கு மேல் ஏற முடியாது. தலை நரைத்த சுபேதார், நேற்று கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரப் பையனுக்குச் சலாம் போட வேண்டும்.

1806 மே மாதம் வேலூரிலேயே சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையை வாங்க மறுத்தார்கள். கத்தியை எடுக்கவில்லை, வேண்டாம் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். அதற்கு விசாரணை நடந்தது. ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்குத் தொள்ளாயிரம் கசையடி. எண்ணால் எழுதினால் 900. தயவுசெய்து இந்த எண்ணை வகுப்பில் நிதானமாகச் சொல்லுங்கள். ஜூன் மாதம் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கலகம் வரப்போகிறது என்று மேலதிகாரியிடமே போய்ச் சொன்னான். அவனைப் பைத்தியம் என்று தள்ளிவிட்டார்கள்.

திப்பு விழுந்தபின் அவர் குடும்பத்தை இந்தக் கோட்டையில்தான் காவலில் வைத்திருந்தார்கள். ஜூலை 9 அன்று கோட்டைக்குள் அவர் மகளுக்குத் திருமணம். மறுநாள் காலை அணிவகுப்பு இருந்ததால் சிப்பாய்கள் இரவு கோட்டையிலேயே தங்கினார்கள். 10ஆம் தேதி அதிகாலை, எல்லாரும் தூங்கும் நேரத்தில் வெள்ளையர் தங்கியிருந்த கொட்டடியில் குண்டு பாய்ந்தது. அதிகாரிகளும் படைவீரர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும் போனார். இதையும் மறைக்காதீர்கள், தூக்கத்தில் செத்தவர்களும் மனுஷர்கள்தான். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. சிப்பாய்கள் கதவைக் காக்காமல் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளை அதிகாரி குதிரைப்படையோடு வந்தார். மதிலில் ஒடுங்கியிருந்த வெள்ளை வீரர்கள் அவரைக் கயிற்றால் மேலே தூக்கினார்கள். பின்னாலேயே வந்த பீரங்கி கதவை உடைத்தது. அரண்மனைக்குள் ஒளிந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று முந்நூறு சிப்பாய்களுக்கு மேல் செத்தார்கள். விசாரணை முடிந்தபின் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எழுத வந்ததன் மையம். தலைப்பாகை ஆணை வாபஸ் ஆனது. சென்னைக் கவர்னர் பெண்டிங்கையும் சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிராடாக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. கலகம் செய்த படைப்பிரிவுகளைக் கலைத்து, அவற்றின் எண்ணையே பட்டியலிலிருந்து அடித்தார்கள். கம்பெனிக்குள் ஒரு தரப்பு எல்லாவற்றுக்கும் தொப்பிதான் காரணம் என்றது, மறுதரப்பு திப்புவின் மகன்களின் சதி என்றது. இரண்டுமே அவர்களுக்கு வசதியான பதில்கள். தொப்பி என்றால் ஓர் ஆணையைக் கிழித்தால் போதும். சதி என்றால் ஒரு குடும்பத்தை நாடு கடத்தினால் போதும். "எங்கள் ஆட்சியே காரணமா" என்ற கேள்வியை இரண்டும் தொடவில்லை. பெண்டிங் 1828இல் கவர்னர் ஜெனரலாகவே திரும்பி வந்தார். வேலூர் நடந்து 51 வருடம் கழித்து, 1857இல், கொழுப்புத் தடவிய தோட்டாவைச் சிப்பாய்களை வாயால் கடிக்கச் சொல்லி, மறுபடியும் அதே நெருப்பில் கையை வைத்தார்கள்.

கம்பெனிக்காரன் தன் வசதிக்கு எழுதிக்கொண்ட அந்தப் பதிலையா நம் பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டும்?

ஐயா, அம்மா, உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். பாடத்தை முடிக்கவே நேரம் போதாது. நான் கேட்பது ஒரு காலைப்பொழுது. ஜூலை 10 அன்று மக்கான் சந்திப்பில் நினைவுத் தூணுக்கு மாலை போடுவார்கள். மாலை போட்டுக் கூட்டம் கலைந்தபின் பிள்ளைகளைக் கோட்டைக்குள் கூட்டிப் போங்கள். அகழியைத் தாண்டி வாசலில் நிறுத்தி, கயிறு தொங்கிய உயரத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் காட்டி, இங்கே இரண்டு மதத்துக்காரர்கள் சேர்ந்து ஏன் ஒரு தொப்பியை மறுத்தார்கள் என்று கேளுங்கள். தலைப்பாகை என்று முதலில் ஒருவன் சொல்வான். சரி, அப்புறம் என்று கேளுங்கள்.

அன்று காலை கடையைத் திறக்க மாட்டேன். வாசலில் மோர்ப் பானையோடு நிற்பேன். எந்தப் பள்ளி வந்தாலும் சரி.

இப்படிக்கு,
கோட்டைக்கருகே ஒரு தையல்காரன்