முழங்கை வலியும் ஷாக்வேவும்

ஆசிரியருக்கு,

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுகிறவர்களில் முழங்கை வலிக்காரர்கள் நிறைய. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் கத்தி இழுக்கும் கை அது. வர்ம எண்ணெய் தடவிப் பார்த்து, அப்புறம் ஷாக்வேவ் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுகிறார்கள். கரண்ட் வைப்பார்களோ என்ற பயம் வேண்டாம். இது வலிக்கும் இடத்தில் வெளியிலிருந்து செலுத்தும் ஒலி அழுத்த அலை. 1980இல் ஜெர்மனியில் சிறுநீரகக் கல்லை உடைக்க முதலில் பயன்பட்டது. நாள்பட்ட குதிகால் வலிக்குப் பலருக்குப் பலன் உண்டு. முழங்கைக்கோ ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. இதைச் சொல்லாமல் பணம் கட்டச் சொல்வது சரியா? கைக்கான உடற்பயிற்சியையும் விட்டுவிடக் கூடாது. உள்ளூர் அரசு மருத்துவமனைகளிலேயே பிசியோதெரபியோடு இதையும் கொடுத்தால் ஒருநாள் கூலி மிஞ்சும்.

- வாசகர், குலசேகரம்