நவராத்திரி முடிந்து கோமுவுக்கு

கரமனை, திருவனந்தபுரம்
விஜயதசமிக்கு மறுநாள்

அன்புள்ள கோமு,

உன் கடிதம் நவராத்திரி முதல் நாளே வந்துவிட்டது. பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன், பதில் எழுதத்தான் நேரம் வாய்க்கவில்லை. பத்து நாளில் ஒன்பது கச்சேரி. நேற்று வீட்டில் எழுத்தினிருத்து என்கிற வித்யாரம்பம், புதிதாக நாலு குழந்தைகள் வயலின் வில்லைப் பிடித்தார்கள். இன்றைக்குத்தான் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். வெளியே நல்ல மழை.

பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானைமேல் புறப்பட்டதை எழுதியிருந்தாய் அல்லவா? நீ தக்கலை ரோட்டில் நின்று கும்பிட்டு அனுப்பிய அதே சரஸ்வதியை, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி வந்தபின் மூன்றாம் நாள் சாயந்தரம் நான் இங்கே நின்று பார்த்தேன். கூட சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வேளிமலை முருகனும். முருகனைக் கரமனையில் வெள்ளிக் குதிரையில் ஏற்றுகிறபோது கூட்டத்தில் பாதிப் பேர் தமிழில்தான் "முருகா" என்றார்கள். நம் ஊர்க்காரர் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லைக் கோடு போட்டு இத்தனை வருஷம் ஆகியும், வருஷத்துக்கு ஒருதடவை நம் ஊர்ச் சாமிகள் நடந்தே இங்கே வந்து பாட்டுக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல்.

சரி, வேலைக் கதைக்கு வருகிறேன். முதல் நாலு நாளும் கோயில் கச்சேரிகள். இரண்டு பாடகிகள், இரண்டு பாடகர்கள். பாடகிகளின் ஐந்து கட்டை சுருதிக்கு ஒரு வயலின், பாடகர்களின் ஒரு கட்டை சுருதிக்கு ஒரு வயலின் என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறி இறங்கினதில் தோள்பட்டை விட்டுப்போயிற்று. மூன்றாம் நாள் கல்பனாஸ்வரம் வாசிக்கும்போது மேல்கம்பி அறுந்தது. பாடுகிற பெண் சின்னவள், வெப்ராளப்பட்டு என் முகத்தையே பார்த்தாள். "நீ பாடு, நான் வந்து சேர்ந்துகொள்கிறேன்" என்று சைகை காட்டிவிட்டு மாற்றினேன். மிருதங்கக்காரர் அந்த இரண்டு நிமிஷத்தையும் அவளுக்காக நிரப்பிக் கொடுத்தார். பெயர் தெரியாத மனுஷர், அன்றைக்குத்தான் முதல்தடவை பார்க்கிறேன். பக்கவாத்தியக்காரர்களுக்குள் இருக்கிற இந்த ஒட்டுறவை வெளியே யாரும் கவனிப்பதில்லை.

ஐந்தாம் நாள் ஒரு நடன நிகழ்ச்சிக்கு ஒத்துக்கொண்டிருந்தேன். மூன்று ஒத்திகைக்குப் போயிருந்தேன். முந்தின நாள் ராத்திரி போன். ரெக்கார்டு வைத்து ஆடிவிடுகிறார்களாம். "சேச்சி, ஒண்ணும் விசாரிக்கல்லே", தப்பாக நினைக்காதே என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். ஒத்திகைக்கு ஒரு பைசா பேச்சில்லை. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பெண்பிள்ளைக்கு ஜதிக்கு ஜதி மூச்சு விட இடம் கொடுத்து வாசித்துப் பழகியிருந்தேன், ரெக்கார்டுக்கு அவள் மூச்சு தெரியுமா?

ஆனால் கோமு, அதனால்தான் எனக்கு பைரவி நாள் கிடைத்தது.

அந்தச் சரஸ்வதி முன்னால் கச்சேரி நடக்கிற நவராத்திரி மண்டபத்தில் எந்த நாள் எந்த ராகம் என்பதை நமக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரியும். முதல் நாள் சங்கராபரணம், அப்புறம் கல்யாணி, சாவேரி, தோடி, ஐந்தாம் நாள் பைரவியில் 'ஜனனி மாமவ'. சங்கீதக் கல்லூரியில் கானபூஷணம் படிக்கும்போது நீயும் நானும் தைக்காட்டிலிருந்து கிழக்கேகோட்டை வரை இந்த வரிசையைச் சொல்லிக்கொண்டே நடப்போமே. ஆனால் மண்டபத்தில் ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடிப்பார்கள். எனக்குக் கோயிலில் ஆறரைக்கு மேடை. கச்சேரி கிடைக்கிற வாரமும் அதே, கேட்க வேண்டிய வாரமும் அதே. போன மூன்று வருஷமாக நான் மண்டபப் பக்கமே போகவில்லை என்றால் நம்புவாயா?

அன்றைக்கு ஐந்து மணிக்கே போய்த் தரையில் உட்கார்ந்தேன். விளக்கு வெளிச்சத்தில் தோடயமங்கலம் பாடி முடிந்து கச்சேரி தொடங்கினது. மேலே கட்டித் தொங்கவிட்ட மண்பானைகளை அண்ணாந்து பார்த்தேன். எதிரொலியை அவைதான் அடக்கும் என்று நமக்கு முதல்தடவை சொன்னது உன் அப்பா. பாடகர் பைரவியை அவசரமில்லாமல் எடுத்தார். ஏறும்போது 'த' சுரம் கொஞ்சம் உயர்ந்த சதுச்ருதி தைவதம், இறங்கும்போது தணிந்த சுத்த தைவதம், இது புத்தகத்தில் இருப்பது. ஆனால் இறங்குகிற அந்தத் தைவதத்தை உடனே பஞ்சமத்தில் போட்டுவிடாமல், விழவும் விடாமல், ஓரமாக நிறுத்தினார் பாரு, என் இடதுகை விரல் மடியில் தானாக நகர்ந்தது. உன் விரலில் வருமே, அந்த இடம்! நானும் எத்தனையோ வருஷம் முயன்றிருக்கிறேன், வந்ததில்லை.

தாளவாத்தியங்களின் தனி ஆவர்த்தனம் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. அங்கே தட்டக்கூடாது என்று தெரியும், ஆனால் தெரிவது வேறு, அந்த அமைதிக்குள் உட்காருவது வேறு. முடிக்கிற சொற்கட்டான தீர்மானம் விழுந்த பிறகும் மிருதங்கத்தின் கார்வை தேய்ந்து போகிறவரை காதில் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் தட்டுகிறவர்கள் முன்னால் வாசித்து வாசித்து என் வில் முடிவை நோக்கி ஓடப் பழகிவிட்டது. கைதட்டலுக்குத் தாளத்தில் இரண்டு அட்சரம் முன்னாலேயே அழுத்திவிடுகிறேன். வாசிப்பில் வேகம் இருக்கிறது, நடுவில் இடம் இல்லை. மூன்று வருஷமாக நான் கேட்டது எனக்குப் பக்கத்தில் பாடுகிறவரை மட்டும்தான், அதுவும் அடுத்து என்ன வாசிக்கலாம் என்ற கணக்கோடு. கேள்வி ஞானம் என்று வாத்தியார் சொன்னது சும்மா உட்கார்ந்து கேட்பதை. அதை வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு மாதிரி ஒதுக்கிவைத்துவிட்டேன், தப்பு பண்ணிவிட்டேன்.

எனக்கு முன் வரிசையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் நோட்டில் சுரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நாம் அந்த வயதில் இருந்தபோது மண்டபத்தில் பெண்கள் பாட முடியாது. 2006இல் பாறசாலை பொன்னம்மாள் டீச்சர் பாடித்தான் அந்தக் கதவு திறந்தது. அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. நம் கல்லூரியின் முதல் மாணவி, முதல் ஆசிரியை. ஊருக்கு வரும்போது பஸ் பாறசாலையில் நிற்கிறபோதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம். இத்தனை பக்கத்தில் இருந்த மேடைக்கு அத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறார். அவர் பாடின செய்தியை உனக்குப் போனில் சொன்னபோது நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவுக்குத் துணையிருந்தாய். "உள்ளதா, உள்ளதா" என்று, நிஜம்தானா என்று நம்பாமல் இரண்டு தடவை கேட்டாய்.

மறுநாள் நெய்யாற்றின்கரையில் ஒரு கிறிஸ்தவக் கல்யாண வரவேற்பு. கீபோர்டு, தபலா, நான். சினிமா மெலடிதான், பக்கத்தில் பிரியாணிப் பந்தி. அந்த வேலையை நான் குறைவாக நினைப்பதில்லை. வாடகை அதில்தான் போகிறது, பேசின பணத்தை முழுசாகக் கவரில் போட்டும் கொடுத்தார்கள். அன்று ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் வில்லைத் தூக்காமல் கடைசி சுரத்தைத் தேயவிட்டுப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது. இடைவெளி விட்டதில் தபலாப் பையன் அழகாக உள்ளே வந்தான்.

அஷ்டமி சாயந்தரம் பூஜை வைப்பு. ஒரு கட்டை வயலினைப் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் தொட்டுவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். சரஸ்வதி கோபிக்கமாட்டாள் என்று நம்புகிறேன். நவமியன்று மத்தியானக் கச்சேரிதான், முடித்து ஓடிப்போய் ஆரபியைக் கேட்டுவிட்டேன். 'பாஹி பர்வத நந்தினி'. காந்தாரமும் நிஷாதமும் தொட்டும் தொடாமலும் ஓடுகிற அந்த வேகத்தில் கிழவிகள் எல்லாரும் தொடையில் தாளம் போட்டார்கள். எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் தாங்கவில்லை.

இப்போது உன் விஷயம். அப்பா போனபிறகு வயலின் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டதாக எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டோடு போதும் என்றும் எழுதியிருக்கிறாய். ஏட்டி, அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வாசிக்கச் சொல்லவில்லை, முதலில் கேட்க வா. ஜனவரியில் குதிரமாளிகை அரண்மனை முற்றத்தில் சுவாதித் திருநாள் சங்கீத உற்சவம் நடக்கும். திறந்தவெளி, பனி விழும், சால்வை எடுத்துக்கொள். இரணியலில் ரயில் ஏறினால் சாயந்தரக் கச்சேரிக்குத் தாராளமாக வந்துவிடலாம். ஒரு வாரம் லீவு போடு, இங்கேயே தங்கு. அந்த வாரத்தில் நான் இரண்டு கச்சேரிக்கு மேல் ஒத்துக்கொள்ளப்போவதில்லை, டைரியில் கோடு போட்டு அடித்துவைத்துவிட்டேன்.

வரும்போது ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டு வா, இங்கே கிடைப்பதில் நம் ஊர் ருசி இல்லை. பெட்டியையும் பரணிலிருந்து இறக்கி எடுத்து வா. கம்பி எல்லாம் துருப்பிடித்திருக்கும். என்னுடையது அறுந்த அன்றே உனக்கும் சேர்த்து ஒரு செட் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பகவதி