ஓடர் பாலத்திலிருந்து ஒரு கடிதம்

ஸ்வுபிட்சே, போலந்து
19 அக்டோபர் 2025

அன்புள்ள முத்துவேல்,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாமல் இருந்தேனே தவிர, மேசைமேல் வைத்துத் தினமும் ஒருமுறை எடுத்துப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இளையவளுக்கு வரன் அமைந்துவிட்டது என்ற வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. உன் மைத்துனர் வந்த ரயில் தாமதமாகி, நல்ல நேரம் போய்விடும் என்று எல்லோரும் பதறியபோது, தாய்மாமன் இடத்தில் என்னை உட்காரவைத்து அவளுக்குக் காது குத்தினீர்களே, நினைவிருக்கிறதா? அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த உரிமையோடு கல்யாணத்துக்கு வருகிறேன்.

கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் கேட்டிருந்தாய்: "ஐரோப்பா உடைந்துகொண்டிருக்கிறதா?" இருபத்தெட்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தியவன் நீ. உனக்கு ஐரோப்பாவைப் பற்றிப் பாடம் எடுக்க எனக்குத் தகுதியில்லை. நான் தினமும் இரண்டு முறை கடந்து போகும் ஒரு பாலத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு மட்டும்தான் என்னால் சாட்சி சொல்ல முடியும்.

நான் ஃபிராங்க்பர்ட்டில் வேலை பார்க்கிறேன் என்றதும் நம் ஊரில் எல்லோரும் வானுயர வங்கிக் கட்டடங்களைத்தான் நினைக்கிறார்கள். அது மைன் ஆற்றங்கரையில் இருப்பது. இது ஜெர்மனியின் கிழக்கு எல்லையில், ஓடர் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். 1945 வரை இரு கரையும் ஒரே ஊர்தான். போர் முடிந்து எல்லைக்கோடு ஆற்றோடு வந்து நின்றபோது, கிழக்குக் கரையிலிருந்த புறநகர் போலந்துக்குப் போய் ஸ்வுபிட்சே ஆயிற்று. வாடகை குறைவு என்பதால் நான் போலந்துக் கரையில் குடியிருக்கிறேன். வேலை ஜெர்மன் கரையில். சென்ற ஏழாண்டுகளில் முதல் ஐந்து ஆண்டுகள், 2020-இல் கொரோனாவுக்காக எல்லையை மூடிய மாதங்கள் தவிர, பாலத்தின் நடுவில் ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்குகிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பஸ் நிற்காமல் போகும். எதிர்க்கரைப் பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள் காதில் பாட்டு கேட்டபடி நடந்து போவார்கள். சிகரெட்டும் பெட்ரோலும் இந்தப் பக்கம் மலிவு என்று ஜெர்மானியர்கள் வருவார்கள். சம்பளம் அந்தப் பக்கம் கூடுதல் என்று போலந்துக்காரர்கள் போவார்கள்.

2023 அக்டோபரில் ஜெர்மன் அரசு இந்த எல்லையில் மீண்டும் சோதனை தொடங்கியது. 2024 செப்டம்பர் 16 முதல் தன் தரைவழி எல்லைகள் அனைத்துக்கும் அதை விரித்தது. பார்த்துக்கொண்டே இருந்த போலந்து, இந்த ஆண்டு ஜூலை 7 முதல் தன் பக்கத்திலும் காவல் போட்டது. இப்போது காலையில் போகும்போது ஜெர்மன் போலீசார், மாலையில் திரும்பும்போது போலந்துக் காவலர்கள். எல்லா வண்டிகளையும் மறிப்பதில்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்லி, உள்ளே எட்டிப் பார்த்து, கையசைத்து விட்டுவிடுகிறார்கள். பின்பக்கம் ஜன்னல் இல்லாத வேன் வந்தால் ஓரங்கட்டுகிறார்கள். பஸ்ஸில் ஏறினால் முகங்களை ஒரு சுற்றுப் பார்க்கிறார்கள். என் முகம் எந்தக் கரைக்கும் ஒட்டாத முகம் என்பதால், பன்னிரண்டு ஆண்டுகளாக ஜெர்மன் குடியுரிமை வைத்திருப்பவன் என்றாலும், அடையாள அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் வருத்தமில்லை. என் பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்கும்போது, நான் மட்டும் பையைத் தடவுகிறேனே, அந்தப் பழக்கம் எனக்கு வந்துவிட்டதே என்பதுதான் வருத்தம்.

கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். எண்பத்திரண்டு வயது. இந்தப் பாலத்தின் கதை முழுவதும் அவர் கதைதான். இன்றைய உக்ரைனில் இருக்கும் லிவிவுக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர். போலந்தின் கிழக்குப் பகுதியை சோவியத் ஒன்றியம் எடுத்துக்கொண்டபோது, இரண்டு வயதுக் குழந்தையாகச் சரக்கு ரயிலில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார். ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்ட ஒரு வீட்டில்தான் அந்தக் குடும்பம் குடியேறியது. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு பீங்கான் ஜாடி இன்றும் அவர் சமையலறையில் இருக்கிறது. வெள்ளை ஜாடி, நீல எழுத்து. "மாவு" என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கிறது. பாட்டி அதில் சர்க்கரை போட்டுவைத்திருக்கிறார். அவர் தேநீர் கொடுக்கும்போதெல்லாம் அந்த ஜாடியின் மூடி திறக்கும் சத்தத்தைக் கேட்கிறேன். அதை விட்டுவிட்டு ஓடிய பெண் யாரோ, எங்கே போய்ச் சேர்ந்தாளோ என்று மனம் ஒரு கணம் போய்வருகிறது.

1972-இல் கிழக்கு ஜெர்மனியும் போலந்தும் விசா இல்லாமல் போய்வர எல்லையைத் திறந்தன. அப்போது எதிர்க்கரையில் பெரிய குறைகடத்தித் தொழிற்சாலை ஒன்று இருந்தது. பாட்டி பாலத்தைக் கடந்து அங்கே வேலைக்குப் போனவர். 1980-இல் போலந்தில் கம்யூனிச அரசை எதிர்த்து சாலிடாரிட்டி தொழிற்சங்கம் எழுந்ததும், அந்தக் காற்று தன் தொழிலாளர்கள்மேல் வீசிவிடக் கூடாது என்று கிழக்கு ஜெர்மன் அரசு அக்டோபர் மாதம் அந்தச் சுதந்திரத்தை நிறுத்திவிட்டது. பிறகு பெர்லின் சுவர் விழுந்தது. 1991 ஏப்ரல் 8 அன்று போலந்து மக்கள் விசா இல்லாமல் ஜெர்மனிக்குள் வரலாம் என்றானபோது, முதலில் போன பஸ்களை நவ நாஜி இளைஞர்கள் கல்லால் அடித்தார்கள். இதே பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். 2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2007 டிசம்பர் 21 அன்று, நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர வகைசெய்யும் ஷெங்கன் ஏற்பாட்டுக்குள் வந்து, பாலத்துச் சோதனை அடியோடு நின்றது. அன்று பாட்டியும் அவர் கணவரும் ஒரு வேலையும் இல்லாமல் அக்கரைக்கு நடந்து போய், யாரும் எதுவும் கேட்கவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்களாம். "குளிர் தாங்கவில்லை, இருந்தாலும் இன்னொருமுறை போய்வந்தோம்" என்றார்.

இந்த ஜூலையில் பாட்டி பாஸ்போர்ட்டைப் பீரோவிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கண் மருத்துவரைப் பார்க்க அக்கரைக்குப் போக வேண்டும். ஒன்றுமே சொல்லவில்லை அவர். எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு அரசுகளை மட்டும் குறை கூறினால் அது நியாயமாகாது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2021 முதல் பெலாருஸ் அதிபர் லுகஷென்கோ, வெளிநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வருகிறவர்களை அழைத்துவந்து போலந்து எல்லைக் காட்டுக்குள் தள்ளிவிடுகிறார். மனிதர்களையே ஆயுதமாக்கும் கொடுமை அது. போலந்து 186 கிலோமீட்டருக்கு ஐந்தரை மீட்டர் உயரத்தில் இரும்பு வேலி கட்டியது. காட்டுக்குள் குளிரில் இறந்தவர்கள் உண்டு. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தியால் குத்தப்பட்டு இறந்த போலந்துப் படைவீரரும் உண்டு. அங்கே தப்பி வருகிறவர்களை வேனில் அடைத்து ஜெர்மனிக்குக் கடத்துகிறவர்கள் இந்தப் பாலங்கள் வழியாகத்தான் வருகிறார்கள். 2024 ஆகஸ்டில் சோலிங்கன் நகரத் திருவிழாவில் சிரியாவிலிருந்து வந்த ஒருவன் மூன்று பேரைக் குத்திக் கொன்றான். மக்கள் பயந்ததில் தவறில்லை.

அந்தப் பயத்தை என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம். ஜெர்மனியில் ஏ.எஃப்.டி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சி வளர்ந்துகொண்டே வருகிறது. அவர்கள் கேட்பதைப் பாதியாவது செய்துவிட்டால் வாக்குகள் திரும்பி வந்துவிடும் என்று மற்றக் கட்சிகள் கணக்குப் போட்டன. எல்லா எல்லைகளிலும் காவல் போட்ட ஆறே நாளில் இந்த பிராண்டன்பர்க் மாநிலத்தில் தேர்தல் நடந்தது, ஏ.எஃப்.டி. 29.2 சதவீதம் வாங்கியது. முதலிடம் வந்த சமூக ஜனநாயகக் கட்சிக்கு 30.9. இந்த ஆண்டு பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் அதே கட்சி நாடு முழுவதும் 20.8 சதவீதத்தோடு இரண்டாமிடம். போலந்திலும் இதே கதை. ஜூன் 1 அன்று அதிபர் தேர்தலில் பிரதமர் டஸ்க் நிறுத்திய வேட்பாளர் இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். அதற்குப் பின் "எல்லையைக் காப்போம்" என்று தாங்களாகவே கிளம்பிய கூட்டங்கள் பாலங்களுக்குப் பக்கத்தில் நின்று போகிற வருகிற வண்டிகளைப் பார்க்கத் தொடங்கின. ஒரு மாதத்தில் டஸ்க் அரசே காவல் போட்டுவிட்டது. இரு அரசுகளும் எதிரிக்குப் பயந்ததைவிடத் தங்கள் ஊர்ப் போட்டிக் கட்சிக்குத்தான் அதிகம் பயந்தன என்று நினைக்கிறேன்.

பயம் சட்டத்தை எப்படி வளைக்கிறது என்பதற்கும் இந்த ஊரே சாட்சி. மே 6 அன்று மெர்ட்ஸ் ஜெர்மனியின் சான்சலரானார், அதாவது அரசின் தலைவரானார். மறுநாளே அவருடைய உள்துறை அமைச்சர், தஞ்சம் கேட்பவர்களையும் எல்லையிலேயே திருப்பி அனுப்பலாம் என்று உத்தரவிட்டார். மே 9 அன்று ஃபிராங்க்பர்ட் ரயில் நிலையத்தில் சோமாலியாவைச் சேர்ந்த மூன்று பேர் ரயிலிலிருந்து இறக்கப்பட்டார்கள். தஞ்சம் கேட்டார்கள். அன்றே போலந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மே 9 ஐரோப்பிய நாள் என்பதை நீ மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாய்! ஜூன் 2 அன்று பெர்லின் நிர்வாக நீதிமன்றம் அந்தச் செயல் சட்டவிரோதம் என்றது. எந்த நாடு அவர்களின் மனுவை விசாரிக்க வேண்டும் என்று முடிவு செய்யாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். அமைச்சரோ, இந்தத் தீர்ப்பு அந்த மூவருக்கு மட்டும்தான் என்று சொல்லி உத்தரவைத் தொடர்கிறார். எல்லைச் சோதனையும் அப்படித்தான். விதிவிலக்காக, குறுகிய காலத்துக்கு என்றுதான் ஷெங்கன் விதி அனுமதிக்கிறது. புதிய ஆபத்து ஒன்றைக் காட்டாமல் ஆறு மாதத்துக்குமேல் நீட்டக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022-இல் ஆஸ்திரிய வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஜெர்மனியோ ஆஸ்திரியா பக்கத்து எல்லையில் 2015 முதல் ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கொண்டே வந்திருக்கிறது. சட்டத்தால் கட்டிய வீடு இது, முத்துவேல். பெரிய நாடே தூணைச் சுரண்டினால், ஒன்றியத்தின் சட்டத்தை மீறுவதாகக் குற்றம் சாட்டப்படும் ஹங்கேரி போன்ற நாடுகளிடம் எந்த முகத்தோடு சட்டம் பேசுவது?

செப்டம்பர் 10 அதிகாலையை மறக்க மாட்டேன். ரஷ்ய டிரோன்கள் சுமார் இருபது, போலந்தின் வான்வெளிக்குள் வந்தன. நாங்கள் இருப்பது மேற்குக் கோடி. சத்தம் எதுவும் கேட்கவில்லை. விடிந்ததும் படிக்கட்டில் பாட்டியும் மற்றவர்களும் நின்று வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள். போலந்து விமானங்களோடு நெதர்லாந்தின் எஃப்-35 போர் விமானங்களும் ஏறிப் போய் அவற்றில் சிலவற்றைச் சுட்டு வீழ்த்தின. இத்தாலியின் கண்காணிப்பு விமானம் பறந்தது. போலந்து மண்ணில் நிற்கும் ஜெர்மனியின் பேட்ரியாட் வான்பாதுகாப்பு ஏவுகணைத் தளவாடம் தயார் நிலையில் இருந்தது. அன்று காலை எட்டரைக்கு நான் பாலத்தைக் கடந்தேன். ஜெர்மன் போலீசார் போலந்து எண் பலகை வண்டிகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவில் ஒருவருக்கொருவர் உயிரைக் காக்க நின்றவர்கள், காலையில் ஒருவர் பெட்டியை மற்றவர் திறந்து பார்க்கிறார்கள்.

நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதை 2022 ஆகஸ்டிலேயே இந்த ஆறு காட்டியது. வெயிலில் நீர் வற்றி, சுரங்கங்களிலிருந்து வந்த உப்பு ஏறி, ஒருவகைப் பாசி பெருகி நஞ்சானது. நூற்றுக்கணக்கான டன் மீன்கள் செத்து மிதந்தன. நான் கரையில் நின்று பார்த்தேன். வெள்ளை வயிறுகள் வெயிலில் மின்ன, வாடை வீடு வரை வந்தது. மேல் நீரோட்டத்தில் மீன் சாவது ஜூலைக் கடைசியிலேயே போலந்தில் தெரிந்திருந்தும், தங்களுக்கு முறையான தகவல் வரவில்லை என்று ஜெர்மன் அதிகாரிகள் குற்றம் சாட்டினார்கள். தூண்டிலோடு உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் இரு கரையிலிருந்தும் கையுறை மாட்டிக்கொண்டு மீனை வாரினார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: காவல் தேவை, ஆனால் அது ஒன்றியத்தின் வெளி எல்லையில், எல்லோர் பணத்திலும் எல்லோர் ஆட்களோடும் நடக்க வேண்டும். வருகிறவர்களை விசாரித்துப் பங்கிட்டுக்கொள்ளும் புதிய ஒப்பந்தம் 2024-இல் நிறைவேறிவிட்டது. வரும் ஜூனில் நடைமுறைக்கு வர வேண்டும். அதை ஒழுங்காகச் செய்தால் இந்தப் பாலத்துக் காவலுக்குச் சொல்லப்படும் காரணமே இராது. போலந்து அதை ஏற்க மறுக்கிறது என்பது தனி வேதனை.

ஒரு நல்ல செய்தி சொல்லி முடிக்கிறேன். சென்ற ஞாயிறு ஃபிராங்க்பர்ட் மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் ஏ.எஃப்.டி. வேட்பாளர் நெருங்கி வந்திருந்தார். நான் இந்தக் கரையில் குடியிருப்பதால் எனக்கு அங்கே வாக்கில்லை. இரவு முடிவு வரும்வரை பாட்டி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கட்சி சாராத ஆக்செல் ஸ்ட்ராசர் சுமார் 70 சதவீத வாக்கோடு ஜெயித்தார். பாட்டி எழுந்துபோய் இன்னொரு கோப்பை தேநீர் கொண்டுவந்தார்.

கல்யாணத் தேதி முடிவானதும் உடனே எழுது. தை மாதம் என்றால் இப்போதே டிக்கெட் எடுக்க வேண்டும். பாட்டிக்கு ஒரு நல்ல சுங்குடிச் சேலை வாங்கிவை. மேசை விரிப்பாகப் போடுவாரோ, தோளில் போர்த்திக்கொள்வாரோ தெரியாது, கேட்டிருக்கிறார். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. தங்கச்சியிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சேகரன்