மூன்று குண்டுகளை நம்பாதே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இலக்கு அட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நூறு மீட்டரில் மூன்று குண்டுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ரொம்பச் சந்தோஷம், மா. தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்ப ஆரம்பித்திருப்பதாகவும், சரியான வெடிமருந்து அளவு கிடைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். கிடைத்துவிட்டது என்கிறாயே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மூன்று குண்டுகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே கைதான். ஒருமுறை ஓட்டைகள் 12 மில்லிமீட்டர் அகலத்துக்குள் விழும், அடுத்தமுறை 30 வரும். இடையில் எதுவும் மாறியிருக்காது. பத்து குண்டுகள் சுட்டால் குரூப்பின், அதாவது அட்டையில் விழுந்த ஓட்டைக் கூட்டத்தின் அகலம், மூன்று குண்டு குரூப்புகளின் சராசரியைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு இருக்கும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை; சிதறலின் கணக்கே அப்படித்தான். மருந்தளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று சுட்டு, எது சின்னதாக வந்ததோ அதைப் பிடித்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் பொறுக்கி எடுப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைத்தான்.

ஒரே அளவில் இருபது நிரப்பு. எல்லாவற்றையும் ஒரே அட்டையில் சுடு. குரூப்பின் அகலத்தை மட்டும் அளந்தால் கடைக்கோடியில் விழுந்த இரண்டு ஓட்டைகள்தான் பேசும், மற்ற பதினெட்டும் வாயைத் திறக்காது. அதனால் குரூப்பின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு ஓட்டையும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து, சராசரி எடு. அந்த எண்ணை நம்பலாம். தள்ளிப்போன ஓட்டையைப் பார்த்துவிட்டு, "அது நான் விசையை இழுத்த தப்பு" என்று கழித்துவிடாதே. ஓட்டை எங்கே விழுந்தது என்று ஸ்கோப்பில் பார்ப்பதற்கு முன்பே தப்பு என்று சொல்லியிருந்தால் மட்டும்தான் அதைக் கழிக்கலாம்.

குண்டின் வேகத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதை அளக்கக் குரோனோகிராஃப் வாங்கியது நல்லது. ஆனால் நீ சுடுவது நூறு மீட்டரில். நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகிற குண்டு, 15 மீட்டர் முன்னே பின்னே போனாலும் அங்கே சில மில்லிமீட்டர்தான் ஏறி இறங்கும். அதே வித்தியாசம் 600 மீட்டரில் 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். தூரம் போக நினைக்கிறபோது அந்த எண்ணுக்காக மெனக்கெடு. இப்போதைக்கு, குண்டுகளைப் பக்கவாட்டில் தள்ளுகிற காற்றைப் படிக்கப் பழகு. அப்புறம், படுத்துக் குறி பார்த்துவிட்டுக் கண்ணை மூடித் திற. குறுக்குக் கோடு இலக்கை விட்டு நகர்ந்திருந்தால் கையால் தள்ளிச் சரிசெய்யாதே, உடம்பையே நகர்த்திக்கொள். தசையால் பிடித்து வைத்த குறி, விசை விடுபடும் நேரத்தில் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இதற்கெல்லாம் விலை குறைந்த .22 துப்பாக்கி போதும். அதன் தோட்டாவில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அதை யாரும் வீட்டில் நிரப்புவதில்லை. நீயும் தோட்டா நிரப்பும் மேசையில் நேரம் போக்காமல் சுடுவதிலேயே கவனமாக இருப்பாய்.

மேசையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 4150 பார். நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப் போல நாலாயிரம் மடங்கு, உன் கன்னத்துக்குப் பக்கத்தில். மருந்தும் குண்டும் தயாரிப்பவர்கள் வெளியிட்ட அட்டவணையில் உள்ள ஆரம்ப அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். யாரோ சொன்ன அளவு வேண்டாம், நான் சொல்கிற அளவும் வேண்டாம். மேசை மேல் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் கொட்டி மூடிவிடு. எது என்று சந்தேகம் வந்த மருந்தை எவ்வளவு இருந்தாலும் சுடப் பயன்படுத்தாதே. தராசு கிரெய்னில் இருக்கிறதா கிராமில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார். ஒரு கிராமில் 15.4 கிரெய்ன் இருக்கிறது. எலக்ட்ரானிக் தராசு மின்விசிறிக் காற்றுக்கே மாறும். சோதனை எடையை வைத்து நடுநடுவே சரிபார்.

குண்டைப் பொருத்தும் முன் தட்டில் உள்ள எல்லாக் கூடுகளுக்குள்ளும் டார்ச் அடித்து, மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார். "போட்ட மாதிரி ஞாபகம்" என்பது இந்த வேலையில் செல்லாது. மருந்தில்லாத தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் சிக்கவைக்கும். அடுத்ததைச் சுட்டால் குழலே வெடித்துவிடலாம். சத்தம் வழக்கத்தைவிடக் கம்மியாகக் கேட்டால் நிறுத்திவிடு. குழலை இலக்குப் பக்கமே வைத்துக் கொஞ்சம் பொறுத்திருந்து, காலி செய்து, குழலுக்குள் அடைப்பு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மறுபடி.

பித்தளைக் கூடும் களைத்துப்போகும். சுடும்போது விரிகிறது, பழைய வடிவத்துக்குக் கொண்டுவர டை என்கிற அச்சில் அழுத்தும்போது சுருங்குகிறது. திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் கழுத்து இறுகி விரிசல் விடும், அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலியும். வெளியே அந்த இடத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தால் கூட்டைத் தூக்கிப் போடு. வெளியே தெரியாததும் உண்டு. ஒரு மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு, சுவரோடு மெதுவாக இழுத்துப் பார். பள்ளத்தில் தட்டினால் அதுவும் போகட்டும். பெரிய கருவிகள் தராத நிம்மதியை இந்தச் சின்னக் கம்பி தரும்.

இனி, குழந்தை. தவழ ஆரம்பித்துவிட்டான் என்றாய். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூடுகளில் படிந்திருக்கும் கரியிலும், அவற்றை உலர்வாக உருட்டிச் சுத்தம் செய்யும்போது பறக்கிற தூசியிலும் அது இருக்கும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிற பிள்ளைக்கு அது நேராக மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. கூடுகளைத் தண்ணீரில் போட்டுச் சுத்தம் செய். மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடை, துடைப்பத்தால் பெருக்காதே. அந்த அறைக்கென்று ஒரு பழைய சட்டையும் செருப்பும் வைத்துக்கொள். சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும், அவன் எவ்வளவு அழுதாலும். அறைக்குப் பூட்டு வேண்டும். மாப்பிள்ளையிடமும் இதையெல்லாம் சொல்லிவை, அவரும் உள்ளே வந்து போகிறவர்தானே.

அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது, உனக்கும் குழந்தைக்கும் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேள். முடிவு வந்ததும் அன்றைக்கே எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா