ஜெபமும் ஊசியும்: மகளுக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை காலையில் வெறும் வயிற்றில் 130க்குள் நிற்கிறது. மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன். வீட்டு விசேஷங்களை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் மனம் அதில் நிற்கவில்லை.

உன் பெயருக்குரிய சபைச் சந்தாவை டிசம்பர் வரைக்கும் கட்டி, ரசீதை உன் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயர்களை ஏட்டில் தொடர வேண்டுமா என்று புதிய செயலர் கேட்டார். என் மகள் எங்கே இருந்தாலும் இந்தச் சபையின் பிள்ளைதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ அங்கே எங்கே போகிறாய் என்று இதுவரை நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. குளிர் தொடங்கிவிட்டதாக அப்பா சொன்னார்; காதை மூடிக்கொண்டு வெளியே போ. திருவிருந்தை மட்டும் விட்டுவிடாதே.

சித்தியின் அடக்கத்துக்குப் பிறகு நீ போனில் பேசுவதெல்லாம் சாப்பாடும் மழையும்தான். முன்பு, "ஜெபித்துவிட்டு வைக்கலாம் அம்மா" என்று நீயே சொல்வாய். இப்போது "வேலை இருக்கிறது" என்று வைத்துவிடுகிறாய். உன் கோபம் யார்மேல் என்பது எனக்குத் தெரியும். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்வரை உங்கள் விசுவாசம் பூரணமாகாது என்று சித்தியிடம் எண்ணெய்ப் புட்டியும் கையுமாக வந்து சொன்ன அந்த மனிதர், அதே வாயால் கல்லறைத் தோட்டத்தில் தேவசித்தம் என்றும் பிரசங்கித்தார். நீ பாதியில் எழுந்துபோனதற்காக உன்னை நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தக் கோபம் அவரோடு நின்றுவிட்டால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன்.

அவர் எடுத்துக் காட்டிய வசனம் உனக்கு நினைவிருக்கும். ஆசா ராஜா தன் வியாதியில் கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான் என்று 2 நாளாகமம் 16இல் வருவது. அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தால், அவன் ஆபத்தில் கர்த்தரைவிட்டுச் சீரியாவின் ராஜாவை நம்பினதும், அதைக் கண்டித்துச் சொன்ன ஞானதிருஷ்டிக்காரனைக் காவலறையில் அடைத்ததும் வருகின்றன. வைத்தியரிடம் போனது அல்ல, கர்த்தரைத் தேடாமற்போனதே அவன்மேல் உள்ள குற்றம். ஏசாயா 38ஐ அவர் ஏன் திறக்கவில்லை? எசேக்கியா சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபிக்கிறான், பதினைந்து வருஷம் கூட்டித் தரப்படுகிறது. அவ்வளவு பெரிய வாக்குக் கிடைத்த மனிதனுக்கும் அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் தீர்க்கதரிசி. இன்னொன்றும் இருக்கிறது. சாத்தான் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, 91ஆம் சங்கீதத்தை ஒப்பித்து, தாழக் குதி என்றான். சித்தியின் இன்சுலினை நிறுத்தச் சொன்னவர் அவளை ஏற்றி நிறுத்தியதும் அந்த உப்பரிகையில்தான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று ஆண்டவர் சொன்ன பதிலை அவளுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்த காலமெல்லாம், கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் சர்ஜன் நோயாளியின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். மயக்க டாக்டர் முதல் தரை துடைக்கும் அக்கா வரைக்கும் ஆமென் சொல்வோம். அதற்கு முன்பே மாப்களை, அதாவது ரத்தம் ஒற்றும் துணிகளை, ஐந்தைந்தாக எண்ணிப் பலகையில் எழுதியிருப்போம், வயிற்றை மூடுவதற்கு முன் மறுபடியும் எண்ணுவோம். ஓர் இரவு, ஒரு சிசேரியனில் ஒரு மாப் குறைந்தது. ரத்தத்தில் ஊறிய மாப் குடலுக்கிடையில் கண்ணுக்கு அகப்படாது, கையால் தடவித்தான் எடுக்க வேண்டும். நான் வாளிகளைக் கவிழ்த்து, அழுக்குத் துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். டாக்டர் குடலுக்குப் பின்னால் விரலை விட்டு இருபுறமும் தேடினார். ஜெபித்துத்தானே ஆரம்பித்தோம், கர்த்தர் பார்த்துக்கொள்வார், தையல் போடுங்கள் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. இடப்பக்கத்திலிருந்து அது வெளியே வந்து, பலகையில் கணக்குச் சரியான பிறகுதான் டாக்டர் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு நூல் கேட்டார். அங்கே ஜெபம் வேறு, எண்ணிக்கை வேறு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நம் ஊர்ப் பக்கத்தில் இது புதிய காரியமும் அல்ல. நெய்யூரில் மிஷன் வைத்தியம் 1838இல் தொடங்கியது. கனடாவின் டொரொன்டோவில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டது 1922 ஜனவரியில். அதே வருஷம் எவரெஸ்ட் மலையிலிருந்து இறங்கிய ஆங்கிலேய டாக்டர் சோமர்வெல் துரை நெய்யூருக்கு வந்து, நோயாளிகளின் கூட்டத்துக்கு நடுவே ஒற்றை டாக்டர் திணறுவதைப் பார்த்து, லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கே ஊழியத்துக்கு வந்தார். வயிற்றுப்புண் அறுவைச் சிகிச்சையில் பெயர் பெற்றவர் அவர். விசுவாசம் அவரைக் கொண்டுவந்தது. வந்த இடத்தில் அவர் செய்ததெல்லாம் படித்த படிப்பைக் கொண்டு செய்தது.

நீ மருந்துச் சோதனைகளின் கணக்கைப் பார்க்கிறவள் என்று பெண்கள் ஐக்கியத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. அவர்களுக்குப் புரிகிறதோ இல்லையோ, எனக்குச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட நீ, ஒரே ஒரு நோயாளியை வைத்து ஒரு மருந்தைத் தள்ளிவிடுவாயா? பிறகு எப்படி ஒரே ஒரு ஊழியக்காரரை வைத்து இத்தனை பெரிய காரியத்தைத் தீர்த்துவிட்டாய்? தீர்த்துவிட்டாய் என்று நீ சொல்லவில்லைதான். நானாக நினைத்துக்கொள்கிறேன் என்றால் அதையாவது சொல். சொல்லாமல் இருப்பதற்கா உன்னை இவ்வளவு படிக்கவைத்தோம்?

சித்தி ஏன் போனாள் என்று கேட்டால் இன்சுலின் நின்றதால் போனாள் என்று உன் புத்தியும் சொல்லும், என் புத்தியும் சொல்லும். அந்த வீட்டில் அவ்வளவு ஜெபம் ஏறெடுக்கப்பட்டபோது, ஒருவராவது எழுந்து அந்த ஊசியை எடுத்துப் போடும்படி கர்த்தர் ஏன் ஏவவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அப்போஸ்தலன் பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அவர் மாம்சத்தை வருத்திய முள் நீங்கவில்லை என்பதைத்தான் போதகர் ஐயாவும் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். அடக்கத்துக்குப் பிறகு வெகுநாள் எனக்கு ஜெபம் வரவில்லை. சபையில் எல்லாரும் பாடும்போது பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தேன். பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில், ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாம் வார்த்தை வந்தபோது, "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதை மட்டும் என்னால் சத்தமாகச் சேர்ந்து சொல்ல முடிந்தது. அந்த ஏன் என்ற கேள்வியைச் சிலுவையில் ஆண்டவரே கேட்டிருக்க, கேட்பது அவிசுவாசம் என்று உனக்குச் சொல்ல நான் யார்? நீ எவ்வளவு வேண்டுமானாலும் கேள், மகளே. வெளியே நின்று கேட்காமல் உள்ளே வந்து கேள் என்றுதான் சொல்கிறேன். திருவிருந்தை விட்டுவிடாதே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதற்காகத்தான்.

வருஷப்பிறப்பு ஆராதனையில் உனக்காக எடுத்த வாக்குத்தத்த அட்டையை இதுவரை நான் அனுப்பவில்லை. நீதிமொழிகள் 3:5, "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்று வந்தது. அம்மா தேடிப் பொறுக்கி எடுத்தாள் என்று நினைப்பாய். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன், அப்பா சாட்சி. அதோடு ஒத்தபடி, "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற 1 தெசலோனிக்கேயர் வசனத்தை அட்டையின் பின்புறத்தில் என் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டையும் வைத்துக்கொள்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை சித்தியின் முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திரக் கூட்டம். அந்த மனிதரைக் கூப்பிடவில்லை. நம் போதகர் ஐயாதான் நடத்துகிறார். ஏசாயா 38ஐ நீ போனிலாவது வாசிக்க வேண்டும் என்று சித்தப்பா கேட்கிறார். அந்த அதிகாரத்தை அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே சொன்னார். நோட்டீஸ் அச்சுக்குப் போக வேண்டும், வாசிப்பாயா மாட்டாயா என்று வியாழக்கிழமைக்குள் அப்பாவுக்காவது ஒரு வரி எழுது.

அன்புடன்,
அம்மா