தம்பி மாத்திரையைத் துப்புகிறான்: சிறைத்துறை உயர் அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிறைக்குள் எச்.ஐ.வி.க்கும் கல்லீரல் அழற்சிக்கும் மருந்து எடுப்பவர்கள் எத்தனை பேர் என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கும். அவர்களில் எத்தனை பேர் இரவில் உறங்குகிறார்கள் என்று யாராவது கேட்டதுண்டா?

சென்ற வியாழக்கிழமை, அவர்களில் ஒருவனான என் தம்பியை மனுப் போட்டுப் பார்த்தேன். விசாரணைக் கைதி, உள்ளே போய் 14 மாதம் ஆகிறது. எந்தச் சிறை என்று எழுதவில்லை, எழுதினால் அவனுக்குத்தான் ஆபத்து. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றவனின் நக ஓரங்களில் ரத்தம் உறைந்திருந்தது. கடித்துக் கடித்துச் சதைவரை போயிருக்கிறான். சுற்றிலும் ஆளாளுக்குக் கத்திப் பேசிக்கொண்டிருந்ததால், உதட்டசைவைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொண்டேன். "மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பிவிடுகிறேன் அக்கா" என்றான்.

மாலையில் அடைப்பதற்கு முன், பெயரைச் சொல்லாமல் நோயைச் சொல்லி வரிசைக்குக் கூப்பிடுகிறார்களாம். அதைக் கேட்ட நாள் முதல் பக்கத்தில் படுப்பவர்கள் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அவன் சரியாகத் தூங்கி இரண்டு மாதம் ஆகிறது. போய்ச் சொன்னதற்கு "நடிக்காதே" என்று பதில் வந்திருக்கிறது.

ஐயா, எச்.ஐ.வி.க்குத் தினம் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. விட்டுவிட்டு எடுத்தால் கிருமி மருந்துக்கு அடங்காது என்று எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் எனக்கே சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மருந்தை அரசு இலவசமாகத் தருவதை நான் மறக்கவில்லை. ஆனால் உயிரோடிருக்கவே விருப்பமற்றுப் போனவன் அதை எதற்காக விழுங்குவான்?

நான் கேட்பது ஒன்றுதான். இந்தச் சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொருவரையும் மாதம் ஒருமுறை, தனி அறையில், மனநல மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. சிறை மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது. ஒப்புதல் இல்லாமல் ஒருவரின் நோயை வெளியே சொல்லக் கூடாது என்று அதே ஆண்டில் வந்த எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. ஆனால் நாடு முழுவதும் சுமார் 5.7 லட்சம் சிறைவாசிகளுக்கு 25 மனநல வல்லுநர்களே இருப்பதாக 2025 இந்திய நீதி அறிக்கை கணக்குச் சொல்கிறது.

வெளி மருத்துவமனைக்கு அனுப்புங்கள் என்று கேட்டால் வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்கிறார்கள். வாய்தாவுக்குக் கூட்டிப்போகக் கிடைக்கும் காவலர்கள் மருத்துவரிடம் கூட்டிப்போக மட்டும் ஏன் கிடைப்பதில்லை? இந்த நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராதவர்கள். குற்றவாளி என்று எந்த நீதிபதியும் சொல்லாத என் தம்பிக்கு இந்தத் தண்டனையை யார் கொடுத்தது?

வேகத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, தனி அறையில், ஒரு மனநல மருத்துவர். அதுவரை மாத்திரை கொடுக்கும்போதாவது நோயைச் சொல்லாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். வரும் வியாழக்கிழமை மறுபடியும் மனுப் போடுகிறேன். அதற்குள் ஒருவராவது அவனை உட்காரவைத்துப் பேசியிருக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறைவாசியின் அக்கா