வால்வு சாவியும் உன் வார்டும்

சேலம், அம்மாபேட்டை

அன்புக் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். அமெரிக்காவில் நீ இருக்கும் ஊரின் நகர மன்றத் தேர்தலில் நிற்கப்போகிறாய் என்று நீ சொன்னதிலிருந்து அம்மா தெருவில் யாரைப் பார்த்தாலும் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் போனில் "சரி கண்ணு" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். பேச்சு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

படிக்கப் போன இடத்தில் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன் என்றாயே, அன்று உன்மேல் அவ்வளவு கோபம் எனக்கு. தமிழ் தெரியும் என்பதற்காக அமெரிக்க ராணுவம் ஆள் எடுக்கும் என்றதை நான் நம்பவே இல்லை. 2009-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அங்கே குடியுரிமை கிடைத்தது, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாய். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை, உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இரட்டைக் குடியுரிமைக்கு நம் சட்டத்தில் இடமில்லை. இனி நீ இங்கே ஓட்டுப் போட முடியாது, உனக்கு நானும் போட முடியாது.

"நீ எந்த ஊர்?" என்று, நீ ஓட்டுக் கேட்டுப் போகும் வாசலில் கேட்பவர்கள் இருப்பார்கள். கலங்காதே. பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திண்ட் 1918-ல் அதே ராணுவத்தில் இருந்தவர். அவர் வெள்ளையர் அல்ல என்று சொல்லி 1923-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் குடியுரிமை மறுத்தது. முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கென்று வந்த சட்டத்தால் 1936-ல்தான் அவருக்கு அது கிடைத்தது. அவரைப் போன்றவர்கள் பட்டபாட்டுக்குப் பிறகுதான் நீ அந்த வாசலில் நிற்கிறாய். தலை நிமிர்ந்தே பதில் சொல்.

ஆனால் கதவு திறந்ததும் பட்டாளக் கதையை எடுக்காதே. முதலில் அவர்கள் பேசட்டும். நகராட்சியாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1994-ல் அது மாநகராட்சியான பிறகும் தெருத் தெருவாக வால்வு திறந்தவன் நான். என்னைப் பார்த்தால் ஜனங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணா, எத்தனை மணிக்குத் தண்ணி?"

ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கோடையில் மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் குறைந்துபோயிருந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு கவுன்சிலர் ஆள் அனுப்பினார். அவர் தெரு வால்வை மட்டும் இன்னும் நாலு சுற்றுத் திறக்க வேண்டுமாம். போய்த் திறந்துவிட்டேன். மறுநாள் மேட்டுத் தெருவில் குழாய் சொட்டக்கூட இல்லை. நான் குழிக்குள் சாவியை மாட்டித் திருகிக்கொண்டிருக்கிறேன், உள்ளே வெறும் காற்று புஸ்ஸென்று இரைகிறது. ஒரு பாட்டி காலிக் குடத்தைக் குழியோரம் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். திட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பாசி படிந்த பச்சைப் பிளாஸ்டிக் குடம், கழுத்தில் விரிசல், அதில் தார் ஒட்டியிருந்தது. வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். நான் ஏன் திறந்தேன்? மேலே இருந்து சொன்னார்கள், செய்தேன். பட்டாளத்திலும் அப்படித்தானே உனக்குப் பழக்கம். இனி சொல்கிற இடத்தில் நீ இருப்பாய். உன் ஊரிலும் ராத்திரி வேலைக்கு ஒருவர் இருப்பார். அவரிடம் அப்படி ஆள் அனுப்பாதே கண்ணு. அப்பா உன்னிடம் கேட்பது இது ஒன்றுதான்.

நம் ஊரில் 1917-ல் ராஜாஜி நகராட்சித் தலைவர் ஆனார். தலித் ஒருவர் முதன்முதலாக உறுப்பினராக வந்தது அவர் முயற்சியால். டெல்லிக்குப் போவதற்கு எவ்வளவோ முன்னால் அவர் செய்த வேலை இது. உறுப்பினர் பதவி சின்னது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்.

அங்கே கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல் என்றாய். அப்படியானால் வீடு வீடாக முகத்தைக் காட்டினால்தான் உண்டு. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பை தூக்கி நடந்த கால் அது, தினம் இரண்டு தெரு போதும்.

உன் வார்டு வரைபடத்தை அனுப்பு. தெருப் பெயர்களைத் தமிழில் எழுதி, சாவி மாட்டியிருக்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எந்தத் தெரு முடிந்தது, அங்கே என்ன சொன்னார்கள் என்று சொல்லு.

அன்புடன்,
அப்பா